பொதுமக்களும் கேள்வி கேட்கலாம்

முத்திருளனின் வலது கை முதன்முதலாக என்னிடம் வந்தபோது, அது அவனோடு சேர்ந்துதான் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. நல்ல வெயில் நேரம். பரோட்டாக் கடை பனியன், கையைச் சுற்றி ரத்தத்தில் ஊறிப்போன ஒரு துண்டு. துண்டை அவிழ்த்த நர்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் குறுக்கே பிளந்து, விரல்களை மடக்குகிற தசைநார்கள், இரண்டு பெரிய நரம்புகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒன்று மிச்சமில்லாமல் அறுந்து கிடந்தன. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் புத்தகங்களில் இந்தக் காயத்துக்கு ஏதோ இத்தாலிக்காரன் சேமியாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டவன் பரோட்டா மாஸ்டர் என்று தெரிந்ததும் பயிற்சி டாக்டர் ஒருவன் "கொத்துப் பரோட்டா" என்று முணுமுணுத்தான். அன்றைக்கு நான் விட்ட டோஸில் இன்றைக்கும் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போகிறான்.

வெட்டு கழுத்துக்கு வந்தது. முத்திருளன் உள்ளங்கையை விரித்துத் தடுத்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வெட்டுக் காயங்களைப் பார்த்துவிட்டேன். சண்டையில் பழகினவன் முழங்கையைத்தான் கொடுப்பான். உள்ளங்கையைக் காட்டுகிறவன் சண்டைக்காரன் இல்லை.

வெட்டியவன் பெயர் காளை. பழங்காநத்தம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் யார் வண்டி முதலில் நிற்பது என்ற தகராறில் முத்திருளனின் அண்ணன் காளையின் தம்பியைக் குத்திக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போயிருந்தான். ஜெயிலில் இருப்பவனை வெட்ட முடியாது அல்லவா. அதனால் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவனைத் தேடிக் காளை வந்திருக்கிறான். இந்த நியாயம் எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் இந்த நியாயத்தால்தான் என் வார்டு நிரம்பியது.

மயக்க மருந்து கொடுக்கும் முன் முத்திருளன் என்னைக் கூப்பிட்டான். பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

"டாக்டரம்மா, மறுபடி மாவு பிசைய முடியுமா?"

"பிசைய வைக்கிறேன்" என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான்தான்.

என் பெயர் காவ்யஸ்ரீ. கை அறுவை சிகிச்சை செய்கிறவள். விளாங்குடி தாண்டி திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை. பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி ஏற்கெனவே பட்டங்கள் கோத்திருக்கின்றன. அது போதாதென்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது என் கொழுப்பு. அரிவாள் வெட்டில் மணிக்கட்டு அறுந்தவர்களுக்குத் தைத்து முடித்த பிறகு, விரல்களை எவ்வளவு சீக்கிரம் அசைக்க வைக்கலாம் என்பது என் ஆய்வு. பொத்திப் பொத்தி வைத்தால் நார்கள் தழும்போடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் தையல் பிய்ந்துவிடும். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். மதுரையில் இந்த ஆராய்ச்சிக்கு ஆள் பஞ்சம் கிடையாது.

பஞ்சம் எல்லாம் காலத்துக்குத்தான். பல்கலைக்கழக விதிகள் எனக்கு மனப்பாடம். வேலை பார்த்துக்கொண்டே செய்கிறவள் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் பதிவு ரத்து. ஆபரேஷன்களை நானே என் கையால் செய்திருக்க வேண்டும். நோயாளி சம்மதம் எழுதித் தர வேண்டும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அவர்கள் முகமோ பெயரோ வேறு எந்த அடையாளமோ வெளியே தெரியக் கூடாது. கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அது பூட்டிய அறையில் நடக்கக் கூடாது. நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். சொந்தக்காரர்கள் வந்து பாதாம் பால் குடித்துவிட்டுக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான்.

முத்திருளனின் கை என் ஆய்விலேயே சிறந்த கை. பிசியோதெரபியில் பிசைந்து பழக வெளிநாட்டுப் பசை ஒன்றைக் கொடுப்பார்கள். அவன் அதை மோந்து பார்த்துவிட்டு, "நாத்தம் வருது டாக்டரம்மா, மைதா குடுங்க" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. முதலில் தண்ணீர் தூக்கலான மாவு, பிறகு கொஞ்சம் கட்டி, பிறகு கல் மாதிரி. அழுதுகொண்டே பிசைவான். வலிக்கிறதா என்றால் கண்ணில் வெங்காயம் என்பான், வார்டில் ஏது வெங்காயம். ஒரு வருஷம் கழித்துப் பிடி அளக்கும் கருவியை அமுக்கச் சொன்னபோது, இடது கையை விட வலது கை கூடுதலாகக் காட்டியது. நான் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் ஒருவர், முகம் தெரியாத மகானுபாவர், இந்த ஒரு நோயாளியின் முடிவு நம்பும்படியாக இல்லை, வைவாவில் ஆளை நேரில் காட்டவும் என்று எழுதிவிட்டார். காட்டாவிட்டால் ஆய்வேடு திரும்பி வரும். திரும்பி வந்தால் திருத்திக் கொடுக்க எனக்குக் காலம் இல்லை. பதிவு ரத்தாகும், இத்தனை வருஷ உழைப்பும் காற்றோடு போகும். என் கைடு அனந்தராமன் சார் சாதுவான மனுஷர், விதிகளை வேதம் மாதிரி மதிப்பவர். "எழுதிட்டார்னா காட்டித்தான் ஆகணும், காவ்யா" என்றார்.

முத்திருளன் அப்போது திருநகரில் ஒரு கடையில் இருந்தான். போய்ப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் நின்று மாவை விசிறிக்கொண்டிருந்தான். வலது கையில், மணிக்கட்டுத் தழும்புக்குக் கொஞ்சம் மேலே, அவன் அம்மாவின் பெயர் 'ஒச்சாயி' என்று பச்சை குத்தியிருக்கும், பக்கத்தில் ஒரு தேள். மாவு காற்றில் விரியும்போது தேளும் சேர்ந்து சுழன்றது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"காளை ஜாமீன்ல வெளிய வந்துட்டான் டாக்டரம்மா. நான் பழங்காநத்தம் பக்கமே போறதில்ல. இந்தக் கடையில நான் இருக்கது யாருக்கும் தெரியாது."

"உன் பேரோ முகமோ எங்கயும் வராது. விளாங்குடி ஊருக்கு அந்தக் கடைசி. ஆனா வேணாம்னா வேணாம்னு சொல்லிரு. அது உன் உரிமை, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்களா கோவிச்சுக்க மாட்டீங்க?" என்று சிரித்தான். பிறகு கையைப் புரட்டிப் பார்த்தான். "இந்தக் கை இன்னொருக்கா போச்சுன்னா தைக்க முடியுமா?"

பொய் சொல்லவில்லை. "முடியாதுப்பா. அதே இடத்துல ரெண்டாவது தடவை வெட்டு விழுந்தா, தழும்புல எல்லாம் ஒட்டிக்கும். பாதிகூடத் தேறாது. முதல் வெட்டா இருந்து, இங்க மணிக்கட்டுல சுத்தமா குறுக்க விழுந்து, சீக்கிரமா என்கிட்ட வந்து சேர்ந்தா எம்புட்டு மோசமா இருந்தாலும் தைச்சிருவேன்."

அவன் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப எனக்கு இந்தக் கை கடைசிக் கை" என்றான்.

"ஆமா."

"குடுத்தது நீங்க. காட்டச் சொன்னா வராம இருப்பேனா? வாரேன்."

இதுவரைக்கும் எல்லாம் விதிப்படிதான் நடந்தது. இனி என் தம்பி விஜய்ஆனந்த் வருகிறான்.

விஜய்ஆனந்துக்குப் பழங்காநத்தத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் இரண்டு ஆள் உயரத்துக்கு அடித்துக் கொடுப்பான். ஆய்வேட்டின் கலர்ப் பக்கங்களை அவன் கடையில்தான் அச்சடித்தேன். அதற்காகப் படங்களை அவன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். முத்திருளனின் கைப் படத்தில் பச்சை குத்திய இடத்தைக் கறுப்புப் பட்டை வைத்து மறைத்திருந்தேன். ஆனால் மறைக்காத மூலப் படமும் அந்தக் கோப்பில் கிடந்தது.

வைவா அன்று காலை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் காரை விட்டு இறங்கினேன். எதிரே நான் நின்றேன், இரண்டு ஆள் உயரத்துக்கு. எங்கள் குல விளக்கே வருக என்று மேலே எழுத்து. என் முகத்துக்குப் பக்கத்தில், 'வெட்டுண்ட கையை ஒட்ட வைத்த வித்தகி' என்று போட்டு, முத்திருளனின் கை. ஒச்சாயி, தேள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கீழே நாள், நேரம், இடம். அனைவரும் வருக.

எங்கள் வீட்டில் கொஞ்சுவது, கும்பிடுவது எல்லாம் சௌராஷ்டிர பாஷையில். சண்டை மட்டும் தமிழில். விஜய்ஆனந்தைச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"கறுப்புப் பட்டை எங்கடா?"

"அசிங்கமா இருந்துச்சுக்கா. துக்க பேனர் மாதிரி. எடுத்துட்டுக் கையைக் கொஞ்சம் வெள்ளையாக்கினேன்."

"எங்கெல்லாம் வச்சிருக்க?"

"இங்க ஒண்ணு. நம்ம பழங்காநத்தம் ரவுண்டானாகிட்ட ஒண்ணு. அது பெருசு. வச்சு நாலு நாளாச்சு. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்க்கான்கா" என்று பெருமையாகச் சொன்னான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்று பெரிய மனதோடு சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. அவன் முட்டாள்தனம்தான். அக்கா பேரில் உள்ள பாசத்தால் செய்த முட்டாள்தனம், அதனால் அடிக்கவும் முடியவில்லை.

முத்திருளன் அதற்குள் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, முழுக்கை, பித்தான் போட்டு மூடியிருந்தான். பேனரைக் காட்டி, "நீ கெளம்பு. நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவன் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பார்த்திருந்தான்னா பார்த்திருப்பான் டாக்டரம்மா. இனி எங்க போனாலும் தேடுவான். இங்க இம்புட்டுப் பேரு இருக்கீங்க. முடிச்சிட்டே போறேன்."

அனந்தராமன் சாரிடம் ஓடினேன். போலீஸுக்குப் போன் செய்தோம், ஏட்டையாவை அனுப்புகிறோம் என்றார்கள். தெரியாத ஆள் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லப் போனேன். சார் தடுத்தார்.

"பொது வைவா, காவ்யா. ஒருத்தரைத் தடுத்தாலும் வைவாவே செல்லாதுன்னு நாளைக்கு எவனாவது எழுதிப் போடுவான். தள்ளி வைக்கலாம்னா உனக்குக் காலம் இல்லை."

நான் முத்திருளனைப் பார்த்தேன். அவன் தலையசைத்தான்.

ஏட்டையா வரவில்லை. முத்திருளனை மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார வைத்துவிட்டு வைவாவைத் தொடங்கினோம். என் சொந்தக்காரர்கள் நான்கு வரிசையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வருகைப் பதிவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள், அதுவும் விதி. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பேசினேன். காளையை நான் பார்த்ததில்லை. என் மனதில் அவனுக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்ணும் வைத்திருந்தேன். அப்படி யாரும் இல்லை. கடைசி வரிசையில் சந்தனப் பொட்டு வைத்த ஒருவர் மட்டும் நாற்காலியில் சாயாமல் நேராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் போனை நோண்டினார்கள். விஜய்ஆனந்தின் சிநேகிதராக இருக்கும், நல்ல கவனமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளித் தேர்வாளர் அரை மணி நேரம் என்னைக் குடைந்தார். பிறகு ஆளைக் காட்டச் சொன்னார். முத்திருளன் மேடை ஓரத்து மேஜைக்கு வந்து, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டான். ஒவ்வொரு விரலாக மடக்கினான். ஊசியை எடுத்து வைத்தான். கருவியை அமுக்கினான். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கருவியின் முள்ளைப் பார்த்தார். இன்னொரு தடவை என்றார். முத்திருளன் இன்னொரு தடவை அமுக்கினான். "நம்ப முடியலை" என்றார் தேர்வாளர், ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

அனந்தராமன் சார் எழுந்தார். "பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். யாராவது?"

சபை பாதாம் பாலை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது. கடைசி வரிசையில் சந்தனப் பொட்டுக்காரர் எழுந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க, கேளுங்க" என்றார் சார், முகம் மலர்ந்து. அவர் சர்வீஸில் வெளியாள் ஒருவர் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை.

"அந்தக் கை முன்ன செஞ்ச வேலை எல்லாம் இப்பவும் செய்யுமா?"

"எல்லாம் செய்யும்" என்றேன்.

"எம்புட்டு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"இன்னொரு தடவ வெட்டினா இன்னொரு தடவ தைப்பீங்களா?"

முன்வரிசையில் சிரித்தார்கள். முத்திருளனைப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. குரலைக் கேட்ட உடனே அவன் முகத்தில் ரத்தம் வற்றிப் போயிருந்தது.

காளை முதுகுப்பக்கம் சட்டைக்குள் கையை விட்டு அரிவாளை உருவினான். அவன் சாயாமல் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

சபை இரண்டாகப் பிளந்தது. என் சித்திகள் நாற்காலிகளுக்கு இடையில் விழுந்து புரண்டார்கள். அவன் நடுவழியில் நேராக ஓடி வந்தான். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த விஜய்ஆனந்த், போனைப் போட்டுவிட்டு அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் செய்த ஒரே வீரம். அரிவாளின் பிடியால் வாயில் ஓர் இடி. பல் தெறித்து மேடைப் படியில் உருண்டது. அனந்தராமன் சார் கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார். தோளில் ஒரு தள்ளு, புரொஜெக்டரோடு சரிந்து விழுந்தார். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். வெளித் தேர்வாளர் மேஜைக்கு அடியில் இருந்தார்.

முதல் வெட்டு முத்திருளன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் விழுந்தது. அவன் உருண்டு எழுந்திருந்தான். இரண்டாவது வெட்டு அவன் இடது தோளைக் கிழித்தது, சட்டை நீளமாகத் திறந்துகொண்டது. காளை மூன்றாவதை ஓங்கினான். முத்திருளன் வலது கையை நீட்டினான். உள்ளங்கையை விரித்து. அதே மாதிரி. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. அந்தக் கை போய்விட்டது என்றே நினைத்தேன்.

இந்தத் தடவை அவன் அரிவாளைத் தடுக்கவில்லை. ஒரு அடி முன்னால் வைத்து, காளையின் மணிக்கட்டைப் பிடித்தான்.

நான் தைத்த ஒவ்வொரு நாரும் தோலுக்கு அடியில் எழுந்து நின்றது. காளை உதறினான், முட்டினான், முத்திருளனின் தோளில் பல் பதியக் கடித்தான். பிடி விடவில்லை. மாவு பிசைந்த பிடி. காளையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, அரிவாள் தரையில் விழுந்து சத்தம் போட்டது. முத்திருளன் அவன் முகத்தில் இரண்டு தடவை நெற்றியால் மோதினான். காளை மேஜை மேல் சரிந்தான். முத்திருளன் குனிந்து அரிவாளை எடுத்தான். எடுத்ததும் அந்தக் கையால்தான்.

"முத்திருளா, வேணாம்" என்றேன். "போதும். போட்டுரு."

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லாத முகம், கணக்குப் போடுகிறவன் முகம். காளையின் கழுத்து மேஜை விளிம்பில் திறந்து கிடந்தது. என் மனதுக்குள் ஒன்று, வெட்டு என்றது. அது நான்தான். அந்தக் கையை மறுபடி தேடி வந்தவன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

முத்திருளன் இடது கையால் காளையின் வலது கையை இழுத்து, என் ஆய்வேட்டின் மேல் மல்லாத்தி வைத்தான். மணிக்கட்டைப் பார்த்து ஒரே வெட்டு. சுத்தமாக, குறுக்கே. ரத்தம் என் புடவையில் அடித்தது. காளை போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது.

முத்திருளன் அரிவாளை மேஜையில் வைத்தான்.

"கழுத்துல போட்டிருப்பேன் டாக்டரம்மா. போட்டா அவன் மாமன் மச்சான் எங்க வீட்டுக்கு வருவான். இவன் கை நல்லா இருந்தா இவனே வருவான். அதான் கையில போட்டேன். ஊனமாக்கினாலும் பகை தீராது, அதனால உங்களால தைக்க முடியுற எடமாப் பார்த்து வெட்டினேன். முதல் வெட்டுதான். தைச்சிருங்க."

என் கை தானாக வேலை செய்தது. கீழே கிடந்த அனந்தராமன் சாரின் கழுத்து டையை உருவி, காளையின் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். ஸ்டிரெச்சர் என்று கத்தினேன். அப்போதுதான் ஏட்டையா வந்து சேர்ந்தார். முத்திருளன் இரண்டு கையையும் நீட்டிக் கொடுத்தான். வருகைப் பதிவில் காளை தன் சொந்தப் பெயரையே அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் அந்தக் கையைத் திறந்து வைத்து உட்கார்ந்தபோது, என் நாலு வருஷத்துக்கு முந்தைய நாள் அப்படியே எதிரே கிடந்தது. அதே நார்கள், அதே நரம்புகள். நெற்றியில் தையலோடு சார் எதிரே நின்று உதவினார். கட்டைவிரலுக்குப் போகிற நரம்பைத் தேடி எடுத்தேன். அதைத் தைக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. காயம் மோசம் என்று எழுதிவிடலாம். இந்தக் கை இனி எதையும் பிடிக்காது, முத்திருளன் பிழைத்துக்கொள்வான். ஊசியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். சார் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே யோசனை இருந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தைத்தேன். காளைக்காக இல்லை. கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவன் என் தையலை நம்பி மணிக்கட்டை வெட்டியிருக்கிறான். நான் தைக்காமல் விட்டால் அவன் வெட்டியது வெறும் வெட்டாகிவிடும். கோர்ட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள், ஆளை நிரந்தரமாக ஊனமாக்கினான் என்று.

வெளித் தேர்வாளர் ரயிலுக்குப் போகும் முன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விதிப்படி முடிவைச் சபையில் அறிவிக்க வேண்டும், சபையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதனால் தியேட்டர் வாசலில் அறிவித்தார்கள். நோயாளியின் கைப்பிடி மிகவும் திருப்திகரமாக இருப்பதை நேரில் கண்டேன் என்று எழுதியிருந்தார். பட்டம் வந்தது. விஜய்ஆனந்த் பேனர் அடிக்கவில்லை. பல் கட்டிய வாயோடு ஒருநாள் வந்து, "ரவுண்டானா பேனரை நானே கிழிச்சிட்டேன்கா" என்று சொல்லிவிட்டு அழுதான்.

முத்திருளன் ஜெயிலில் இருக்கிறான். அங்கே சமையல் கொட்டடியில் சப்பாத்தி மாவு அவன் பொறுப்பு என்று வக்கீல் சொன்னார். கை நன்றாக இருக்கிறதாம்.

காளையைக் காவலோடு வார்டுக்குக் கொண்டுவருவார்கள். என் முறைப்படிதான் அவனுக்கும். போன வாரம் மைதா மாவை உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தேன். "பிசை" என்றேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவிரல் மெதுவாக மடங்கி மாவில் பதிந்தது. அதைப் பார்த்ததும் என்னை மீறி எனக்குச் சந்தோஷம் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அவன் மாவில் விழுந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா, இந்தக் கை எப்ப முழுசாப் பிடிக்கும்?"

"விடாமப் பிசைஞ்சா ஒரு வருஷம்."

"அவன் எப்ப வெளிய வாரான்?"

காவலுக்கு வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"அவன் உன் கழுத்தை விட்டுட்டுக் கையை வெட்டினான். நான் தைப்பேன்னு நம்பி வெட்டினான். அதனாலதான் நீ உக்காந்து இந்தக் கேள்வி கேக்குற. புரியுதா?"

காளை மாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிசைவதை நிறுத்தவும் இல்லை.